ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்குவது எப்படி? ட்ரைபாடை மறந்துவிட்டுத் தவித்தவன் சொல்கிறேன்

பைனாகுலரோடு பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு நாள் ஸ்பாட்டிங் ஸ்கோப், அதாவது ட்ரைபாடில் (முக்காலியில்) மாட்டி ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சின்னத் தொலைநோக்கி, வாங்கும் ஆசை வந்தே தீரும். தூரத்துச் சேற்றுத் திட்டில் இருபது உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருக்கும். நம் எட்டு மடங்கு பைனாகுலரில் எல்லாமே பழுப்புப் புள்ளி. பக்கத்தில் ஸ்கோப்போடு நிற்பவரோ, "இடமிருந்து மூன்றாவது, காலில் பச்சைக் கொடி, எழுத்துகூடத் தெரியுது" என்பார். (கொடி என்பது ஆய்வாளர்கள் அடையாளத்துக்காகப் பறவையின் காலில் மாட்டும் சின்னப் பட்டை.) எனக்குப் பற்றிக்கொண்டது அப்படித்தான். அவசரத்தில் வாங்கியும் விட்டேன். அதனால் வந்த வினைகளைப் பின்னால் சொல்கிறேன்.

படி 1: எண்களைப் படியுங்கள்

20-60×80 என்று போட்டிருந்தால் 20 முதல் 60 மடங்கு வரை ஜூம், முன் லென்ஸ் 80 மி.மீ. எல்லோரும் முதலில் 60-ஐப் பார்ப்பார்கள். நீங்கள் 80-ஐப் பாருங்கள்.

லென்ஸ் அளவை மடங்கால் வகுத்தால், கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். எக்ஸிட் பியூப்பில் என்பார்கள். 20 மடங்கில் 4 மி.மீ. இருப்பது 60-க்குப் போனதும் 1.3 மி.மீ. ஆகிவிடும். மாலை வெளிச்சத்தில் படம் மங்கிப்போக அதுதான் காரணம். போதாததற்கு, வெயில் ஏறியதும் தரையிலிருந்து கிளம்பும் கானல், பறவையைத் தண்ணீருக்குள் இருப்பதுபோல நெளிய வைக்கும். எவ்வளவு உயர்ந்த கண்ணாடியாலும் அதைச் சரிசெய்ய முடியாது. மடங்கைக் கூட்டினால் நெளிவும் சேர்ந்து பெரிதாகும். நான் பெரும்பாலும் 25-க்கும் 35-க்கும் நடுவில்தான் பார்க்கிறேன். சின்ன ஸ்கோப்பின் பெட்டியில் கொட்டை எழுத்தில் "100 மடங்கு" என்று கண்டால் கையிலிருப்பதைக் கீழே வைத்துவிடுங்கள்.

படி 2: எவ்வளவு தூரம் சுமப்பீர்கள்?

85 மி.மீ. லென்ஸ் 65-ஐவிடச் சுமார் 70 சதவீதம் அதிக ஒளியை வாங்கும். எடையும் அதற்கேற்ப ஏறும். ஏரிக்கரையில் ஒரே இடத்தில் நின்று பார்ப்பவர் என்றால் 80 அல்லது 85. நடந்துகொண்டே இருப்பவர் என்றால் 65. மலையேறுகிறவர்களுக்கு 50-ஏ போதும். வீட்டில் தூங்கும் 85-ஐவிட முதுகில் வரும் 50 மேல்.

படி 3: வளைந்ததா, நேரா?

கண் வைக்கும் பக்கம் சாய்ந்திருப்பது ஒரு வகை, நேராக இருப்பது இன்னொரு வகை. என் ஓட்டு சாய்ந்ததற்கே. ட்ரைபாடைத் தாழ்வாக வைக்கலாம், காற்றில் ஆட்டம் குறையும். உயரமானவரும் குழந்தையும் ட்ரைபாடைத் தொடாமல் மாறி மாறிப் பார்க்கலாம். காருக்குள்ளிருந்தோ மறைவிடத்தின் ஜன்னல் வழியாகவோ பார்ப்பவர்களுக்கு நேரானது சௌகரியம்.

சாய்ந்ததில் ஒரே தொல்லை, பறவையைக் கண்டுபிடிப்பது. முதல் வாரம் வானத்தையும் புல்லையும்தான் பார்த்தேன். வழி எளிது: முன்பக்கக் குழாயைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் கேபிள் டை கட்டி, அதன் வால் மேல்நோக்கி நிற்கும்படி நறுக்கிவிடுங்கள். துப்பாக்கியின் குறிமுள் மாதிரி அதைப் பறவையோடு நேர்படுத்தி, குறைந்த மடங்கில் பிடித்து, அப்புறம் ஜூம் செய்யுங்கள்.

படி 4: கண்ணாடியைச் சோதியுங்கள்

கடையின் ஜன்னல் கண்ணாடி வழியாகப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். அதுவே படத்தைக் கெடுக்கும். வெளியே கொண்டுபோய், வெளிச்சமான வானத்துக்கு எதிரே ஒரு கரிய கிளையைப் பாருங்கள். ஓரத்தில் ஊதாவோ பச்சையோ கசிந்தால் கண்ணாடி சுமார்தான். ஈ.டி. கண்ணாடி, ஃப்ளோரைட் என்று விளம்பரத்தில் வரும் விசேஷ லென்ஸ் வகைகள் இந்தக் கசிவைக் குறைக்கத்தான். அடுத்து முழு ஜூம் வைத்து ஃபோகஸ் திருகைத் திருப்புங்கள். நல்ல ஸ்கோப்பில் ஓரிடத்தில் பட்டென்று கூர்மை வந்து நிற்கும். முன்னும் பின்னும் திருப்பித் தேடிக்கொண்டே இருக்க வேண்டியிருந்தால் வேண்டாம். ஒரே மாடலில் இரண்டு இருந்தால் இரண்டையும் பாருங்கள், வித்தியாசம் இருக்கும்.

படி 5: ட்ரைபாட்

நான் விழுந்த குழி இதுதான். ஸ்கோப்புக்கே காசு எல்லாம் கரைந்துபோனதால், கேமராவுக்கு வைத்திருந்த லேசான ட்ரைபாடில் மாட்டினேன். 40 மடங்கில் படம் ஜுரம் வந்ததுபோல நடுங்கியது. ஸ்கோப்பில்தான் கோளாறு என்று வாங்கிய இடத்துக்கே திருப்பி அனுப்பினேன். "குறை எதுவும் இல்லை" என்று வந்துசேர்ந்தது. பிறகு ஒரு நண்பரின் கனமான ட்ரைபாடில் மாட்டிப் பார்த்தபோதுதான், அத்தனை நாளும் என் ஸ்கோப்பை நான் பார்க்கவே இல்லை என்று புரிந்தது.

ட்ரைபாடின் உச்சியில் ஸ்கோப்பை மாட்டும் பகுதிக்கு ஹெட் என்று பெயர். அதில் பால் ஹெட் (உருண்டை மூட்டு வகை) வேண்டவே வேண்டாம். திருகைத் தளர்த்தினால் ஸ்கோப் மூக்குக் குப்புறக் கவிழும். வீடியோக்காரர்கள் வைத்திருக்கும் ஃப்ளூயிட் ஹெட்தான் சரி. பறவை நடக்க நடக்க வழுக்கிக்கொண்டு கூடவே போகும். காலை நீட்டும்போது தடித்த துண்டை முதலில் இழுங்கள். நடுத்தண்டைத் தூக்காதீர்கள், ஆட்டத்தில் பாதி அங்கிருந்துதான் வருகிறது. ஸ்கோப்பைத் தகட்டில் முன்னும் பின்னும் நகர்த்தி, கைவிட்டாலும் சாயாத இடத்தில் பூட்டுங்கள்.

சோதனை: 40 மடங்கில் வைத்துக் குழாயை விரலால் லேசாகத் தட்டுங்கள். இரண்டு எண்ணுவதற்குள் படம் அடங்கினால் வாங்கலாம்.

பின்சேர்க்கை 1: மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் என்ன செய்வது என்று பலர் கேட்டுவிட்டார்கள். நான் போடுவதில்லை, அதனால் மறந்தேபோனேன். ஐ ரிலீஃப் என்று ஒரு எண் இருக்கும். கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தும் முழுப் படம் தெரியும் என்பதன் அளவு. குறைந்தது 15 மி.மீ. பாருங்கள். ஜூமில் மடங்கு மாறும்போது இந்த அளவு மாறலாம் என்பதால் இரண்டு முனையிலும் சோதியுங்கள். ஐகப்பை (கண் பதியும் ரப்பர் வளையத்தை) முழுக்கக் கீழே திருகிவிட்டுப் பாருங்கள். அப்படியும் வட்டத்தின் ஓரம் வெட்டுப்பட்டால் வேறு ஐபீஸ்தான் (கண் வைக்கும் பக்கத்து லென்ஸ் பகுதி).

பின்சேர்க்கை 2: உள்பக்கம் பனி படிகிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். நைட்ரஜனோ ஆர்கானோ அடைத்து மூடிய ஸ்கோப்பில் அப்படி ஆகக்கூடாது. ஆகிறதென்றால் சீல் போயிருக்கிறது, பழுதுபார்க்கக் கொடுங்கள். நீங்களே திருகைக் கழற்றாதீர்கள். சூரிய அஸ்தமனத்தை இதில் பார்க்கலாமா என்று கேட்ட தம்பிக்கு: கூடாது. ஒரு நொடிகூடக் கூடாது, பார்வை போய்விடும்.