பசியாறப் பழகுங்கள்: தோட்டப்புற ஊருக்குப் படிக்க வருபவர்களுக்கு முதல் வாரச் செய்முறை

மதுரையிலிருந்து வந்து பீடோங்கில் தங்கிப் படிக்கிறேன், இது இரண்டாவது வருடம். மலேசியாவின் கெடா மாநிலத்தில் சுங்கைப்பட்டாணிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஊர் இது. நிமிர்ந்து பார்த்தால் ஜெராய் மலை தெரியும். ஒரு காலத்தில் சுற்றிலும் ரப்பர் தோட்டம், இப்போது பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனை. ஊரிலிருந்து கிளம்பப்போகிற தம்பி தங்கைகள் "அண்ணா, அங்கே தமிழ்தானே பேசுறாங்க, அப்புறம் என்ன?" என்று கேட்கிறார்கள். தமிழ்தான், ஆனால் இந்த மண்ணில் நூறு வருடத்துக்கு மேல் வேலை செய்து வளர்ந்த தமிழ். அதைக் காது கொடுத்துக் கேட்டால் முதல் வாரத்திலேயே ஊர் நம்மைச் சேர்த்துக்கொள்ளும். எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: கிளம்பும் முன்

இங்கே சுவரில் இருப்பது சதுர முள் மூன்று நுழையும் துளை. நம் ஊர் உருண்டை முள் பிளக் அதில் சரியாக உட்காராது, அடாப்டர் ஒன்று பையில் இருக்கட்டும். நேரம் இந்தியாவைவிட இரண்டரை மணி முன்னால். இரவு 10 மணிக்கு நீங்கள் தூங்கப் போகும்போது அம்மா 7:30க்கு அடுப்படியில் நிற்பார், அதைக் கணக்குப் போட்டு அழையுங்கள்.

படி 2: காலையில் கடைக்குப் போங்கள்

வந்த மறுநாளே போங்கள். அறையில் பிஸ்கட்டைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். கல்லாவில் இருக்கும் அக்கா "பசியாறிட்டீங்களா?" என்று கேட்பார். காலைச் சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். நம் ஊரிலும் முஸ்லிம் வீடுகளில் இந்தச் சொல்லைக் கேட்டிருப்பீர்கள், இங்கே எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். "இல்லக்கா, இனிமேதான்" என்றால் போதும், மேசையைத் துடைத்து உட்கார வைத்துவிடுவார்.

கேட்பதற்கு எளிது ரொட்டி சானாய். நம் பரோட்டாவின் உறவுதான், கூடவே பருப்புக் குழம்பு வரும். நாசி லெமாக் என்பது தேங்காய்ப்பாலில் வெந்த சோறு. சைவம் சாப்பிடுகிறவர்கள் இதை மட்டும் கவனியுங்கள்: அதோடு வரும் சம்பாலில் பெரும்பாலும் நெத்திலியோ, பெலாச்சான் என்கிற இறால் விழுதோ இருக்கும். வெறும் சிவப்புச் சட்னி போலத்தான் தெரியும். "சைவமா?" என்று வாய்விட்டுக் கேளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

படி 3: தேநீர் சொல்லுங்கள்

இதில்தான் நிறைய பேர் முதல் நாள் தடுமாறுகிறார்கள். நானும் "டீ, சீனி வேண்டாம்" என்றேன், வந்ததோ நாக்கில் ஒட்டும் இனிப்பு. கடைக்காரர் மேல் தப்பில்லை. இங்கே வெறுமனே "தே" என்றால் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர். அந்த டப்பாப் பாலிலேயே சீனி நிறைந்திருக்கிறது, தனியாகச் சீனி போடாவிட்டாலும் இனிக்கத்தான் செய்யும். அதனால் இப்படிக் கேளுங்கள்: பால் இல்லாமல் சீனி மட்டும் வேண்டுமென்றால் "தே ஓ". இரண்டும் வேண்டாமென்றால் "தே ஓ கோசோங்", கோசோங் என்றால் மலாயில் வெறுமை. பால் வேண்டும், இனிப்பு வேண்டாம் என்றால் "தே சி கோசோங்", அதில் ஊற்றுவது இனிப்பில்லாத டப்பாப் பால். கொஞ்சம் இனிப்பு போதும் என்பதற்கு "குராங் மானிஸ்". இழுத்து ஆற்றி நுரையோடு தருவது "தே தாரிக்", அதை ஒரு தடவையாவது பக்கத்தில் நின்று பாருங்கள்.

எடுத்துப் போக வேண்டுமென்றால் "கட்டிக் கொடுங்கண்ணே" அல்லது "தாப்பாவ்". கொதிக்கிற தேநீரை பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயைச் சுருக்கி, கயிற்றால் ஒரு சுண்டு சுண்டிக் கட்டிவிடுவார். அடியில் கையை வைக்காதீர்கள், சுடும். கயிற்று வளையத்தில் விரலை நுழைத்துத் தொங்கவிட்டே நடந்து வாருங்கள்.

படி 4: காசு கொடுங்கள்

ரிங்கிட்டை இங்கே தமிழில் வெள்ளி என்பார்கள், சென் என்பதைக் காசு என்பார்கள். "ரெண்டு வெள்ளி அம்பது காசு" என்றால் 2.50. ஒரு சென் நாணயம் 2008 ஏப்ரலிலிருந்து கடைகளில் புழங்குவதில்லை. அதனால் ரொக்கமாகக் கொடுத்தால் 7.82 என்கிற பில் 7.80 ஆகும், 7.83 என்றால் 7.85. ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்துவிடாதீர்கள், நாடு முழுக்க இதுதான் நடைமுறை.

படி 5: வாரத்தைத் திருப்பிப் போடுங்கள்

கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அரசு அலுவலகமும் வங்கியும் திறந்திருக்கும். வந்த முதல் வெள்ளிக்கிழமை வங்கிக் கணக்கு திறக்க வெயிலில் நடந்து போய், இழுத்து மூடிய கதவைப் பார்த்துத் திரும்பினேன். உங்கள் வகுப்பு அட்டவணை எப்படி என்று தனியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வெள்ளி மதியம் தொழுகை நேரத்தில் முஸ்லிம் கடைகளும் கொஞ்ச நேரம் மூடியிருக்கும்.

படி 6: வழி கேளுங்கள்

தாமான் என்றால் குடியிருப்புப் பகுதி, ஜாலான் என்றால் சாலை, லோரோங் என்றால் சந்து. பெரியவர்கள் சாலையைச் சடக்கு என்பார்கள், காரைக் காடி என்பார்கள். சுங்கைப்பட்டாணிக்குப் போய்விட்டால் அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு கொமுட்டர் ரயில் இருக்கிறது, இறங்கி பெர்ரி ஏறினால் பினாங்கு.

படி 7: பக்கத்து மேசையோடு பேசுங்கள்

இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். சடக்கு, காடி என்று காதில் விழும்போது திருத்தாதீர்கள், சிரிக்கவும் சிரிக்காதீர்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் சிரிப்பதையும், எதிரில் இருப்பவர் முகம் வாடுவதையும் பார்த்திருக்கிறேன், மனசு வலித்தது.

நான் போகிற கடைக்குத் தினமும் ஒரு பாட்டி வருவார், பல வருடம் பால் மரம் வெட்டியவர், அதாவது ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுத்தவர். "பெரட்டுன்னா என்ன பாட்டி?" என்று ஒரு நாள் கேட்டேன். விடியுமுன் வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவது, அது முடிந்துதான் தீம்பாருக்கு, அதாவது மரம் வெட்டும் காட்டுக்குப் போவார்களாம். குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும், வெயில் ஏறினால் குறைந்துவிடும், அதனால்தான் அந்த அவசரம். அப்புறம் குவளைத் தண்ணீரில் விரலை நனைத்து மேசைமேல் இடமிருந்து வலமாகச் சரிவாக ஒரு கோடு இழுத்தார். "இப்படித்தான் சீவணும்ப்பா. பட்டையோட நிக்கணும். கத்தி உள்ள மரத்தத் தொட்டுச்சுன்னா காயம், அந்த எடத்துல பட்ட சரியா வளராது." கோடு காய்வதற்குள் கீழ் நுனியில் கட்டைவிரலை வைத்துக் காட்டினார், பால் சொட்டும் மங்கு, அதாவது கிண்ணம், அங்கேதான் தொங்குமாம்.

அன்றிலிருந்து நான் போகத் தாமதமானால் அக்காவிடம் "அந்த மதுரப் புள்ள பசியாற வரலியா?" என்று விசாரிக்கிறாராம்.

படி 8: சனிக்கிழமை மெர்போக் போங்கள்

ராஜேந்திர சோழன் 1025 வாக்கில் படையனுப்பிய கடாரம் இந்தக் கெடாதான் என்று பள்ளியில் படித்திருப்போம். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகம் இருக்கிறது, அதையொட்டி ஓடைக்கரையில் பழைய கோயிலின் கல் அடித்தளம் ஒன்று நிற்கிறது. தனியாகப் போகாதீர்கள், வகுப்பில் உள்ள உள்ளூர்ப் பிள்ளைகளைக் கூட்டிக்கொள்ளுங்கள். குடையை மறக்க வேண்டாம், மதியத்துக்குமேல் மலைப்பக்கம் சட்டென்று மழை பிடித்துக்கொள்ளும். காலையிலேயே பசியாறிவிட்டுக் கிளம்புங்கள்.