மாதாமாதம் பணம் தரும் கவர்டு கால் ஃபண்ட்: ஓய்வுக்காலத்துக்கு எதைப் பார்த்து எடுப்பது?

காட்பாடி காந்தி நகரில் எங்கள் எதிர்வீட்டு ஆசிரியர் ஓய்வுபெற்று ஆறு மாதம் ஆகிறது. போன வாரம் கைப்பேசியோடு வந்தார். "சார், அமெரிக்காவுல ஒரு ஃபண்டு மாசாமாசம் பணம் போடுதாம். வருஷத்துக்குப் பன்னிரண்டு பர்சன்ட். போஸ்ட் ஆபீஸ்ல எட்டுதானே?" என்றார். 2021 கடைசியில் இதே கணக்கைத்தான் நானும் போட்டேன். மேல்விஷாரத்தில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தேன். வேலையில் இருந்தவரை டாலர் இன்வாய்ஸ்தான் பார்த்தேன் என்பதால், டாலரில் வருமானம் வந்தால் நல்லது என்று க்யூஒய்எல்டி (QYLD) என்ற அமெரிக்க கவர்டு கால் ஃபண்டில் 100 யூனிட் வாங்கினேன். யூனிட் சுமார் 22 டாலர். அதில் பட்டதையெல்லாம் அவருக்குச் சொன்னேன். அதையே இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

டீமேட், பான், வெளிநாட்டுப் பங்கு வாங்கும் கணக்கு இதெல்லாம் உங்களிடம் இருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன்.

படி 1: பணம் எங்கிருந்து வருகிறது?

சத்துவாச்சாரியில் உங்களுக்கு 40 லட்சம் பெறும் ஒரு மனை இருக்கிறது என்று வையுங்கள். ஒருவர் வருகிறார். "மூன்று மாதத்துக்குள் நான் கேட்டால் 42 லட்சத்துக்கு எனக்கே கிரயம் செய்து தர வேண்டும். அந்த உரிமைக்காக இப்போதே 50,000 தருகிறேன். வாங்காவிட்டாலும் அதைத் திருப்பிக் கேட்க மாட்டேன்" என்கிறார். நீங்கள் சம்மதிக்கிறீர்கள்.

விலை அப்படியே நின்றால் 50,000 உங்களுக்கு லாபம். 50 லட்சத்துக்கு ஏறினால், 42-க்கே எழுதிக்கொடுக்க வேண்டும்; மீதி 8 லட்சம் அவருக்கு. 30 லட்சத்துக்கு இறங்கினால் அவர் வரவே மாட்டார். மனையும் உங்களுடையது, பத்து லட்சம் நஷ்டமும் உங்களுடையது.

கவர்டு கால் என்பது இவ்வளவுதான். மனைக்குப் பதில் பங்குகள். அவருக்குக் கொடுத்த வாங்கும் உரிமைதான் 'கால்'. அந்த 50,000 பிரீமியம். இதை ஃபண்ட் மாதாமாதம் செய்து, கிடைக்கும் பிரீமியத்தில் இருந்து உங்களுக்குப் பங்கு தருகிறது. அதனால் இது வட்டி அல்ல. ஏறும் லாபத்தை முன்கூட்டியே விற்றுக் கிடைக்கும் பணம்.

படி 2: எந்த விலைக்கு எழுதிக்கொடுக்கிறார்கள்?

க்யூஒய்எல்டி 2013 டிசம்பரில் வந்தது. நாஸ்டாக் 100 (அமெரிக்க நாஸ்டாக் சந்தையின் நூறு பெரிய நிறுவனங்களின் குறியீடு) பங்குகளை வைத்துக்கொண்டு, மொத்தத்துக்கும் கால் விற்கிறது, அதுவும் அன்றைய விலையை ஒட்டியே. அதாவது 40 லட்சம் மனையை 40 லட்சத்துக்கே தருவதாக மாதாமாதம் ஒப்பந்தம். பிரீமியம் பெரிதாக வரும். ஏற்றத்தில் உங்களுக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஜேஇபிஐ (JEPI) 2020 மே மாதம் ஜேபி மார்கன் நிறுவனம் தொடங்கிய ஃபண்ட். இதில் விலை ஏறக் கொஞ்சம் இடம் விட்டு, அதற்கு மேலான விலைக்குத்தான் கால் விற்கிறார்கள். பங்குகளும் ஏற்ற இறக்கம் குறைவாக இருப்பதாகப் பார்த்துத் தேர்ந்தவை. ஆண்டுச் செலவு 0.35%, க்யூஒய்எல்டியில் கிட்டத்தட்ட 0.6%. இரண்டில் ஒன்றென்றால் யோசிக்காமல் ஜேஇபிஐ என்பேன்.

டெஸ்லா என்ற ஒரே பங்கை அடிப்படையாக வைத்து 2022 நவம்பரில் டிஎஸ்எல்ஒய் என்று ஒன்று வந்தது. வருமான சதவீதத்தைப் பார்த்தால் கண்ணைப் பறிக்கும். விலை கரைந்து கரைந்து, 2024 பிப்ரவரியில் இரண்டு யூனிட்டை ஒன்றாகச் சேர்த்தார்கள். ஒரே பங்கை நம்பும் இந்த வகையை ஓய்வுக்காலப் பணம் வைத்திருப்பவர் தொடவே வேண்டாம்.

படி 3: நான் சறுக்கிய இடம்

இங்கே நிதானமாகப் படியுங்கள்.

க்யூஒய்எல்டி மாதத்துக்கு அதிகபட்சம் யூனிட் மதிப்பில் 1% தருகிறது. விலை 22 டாலர் இருந்தபோது 22 சென்ட் வரை வரலாம். 2022-ல் சந்தை விழுந்தது. ஆண்டுக் கடைசியில் யூனிட் 16 டாலருக்கும் கீழே. அப்போதும் அதே 1% தான், ஆனால் 16 சென்ட். திரையில் "12%" மாறாமல் நின்றது, என் கைக்கு வந்த பணம் குறைந்துகொண்டே போனது. சதவீதத்தைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று பல மாதம் இருந்துவிட்டேன்.

அந்த ஒரு வருடத்தில் 100 யூனிட்டுக்குச் சுமார் 200 டாலர் வந்தது, வரிப் பிடித்தம் போகக் கைக்கு 150 போல. முதலில் போனது 600-க்கும் மேல்.

சந்தை விழுந்தால் எல்லாம்தான் விழும், திரும்ப வந்துவிடும் என்று நினைத்தேன். 2023-ல் நாஸ்டாக் 100 உண்மையிலேயே வந்தது. ஆண்டு முடிவதற்குள் 2021-ன் உச்சத்தையே தாண்டிவிட்டது. என் யூனிட்டோ 17 டாலர் சுற்றித்தான் நின்றது. விழும்போது கூடவே விழுந்தது. ஏறும்போது ஏற்றத்தை மாதாமாதம் எழுதிக்கொடுத்துவிட்டது. நம் சத்துவாச்சாரி மனையை இறங்கிய விலைக்கே ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்தால், ஏரியா திரும்ப ஏறும்போது நமக்கு என்ன கிடைக்கும்? அதுதான்.

ஜேஇபிஐயும் ஏற்றத்தில் பின்தங்கும். 2023-ல் எஸ்&பி 500 (அமெரிக்காவின் 500 பெரிய நிறுவனங்களின் குறியீடு) சுமார் 26% தந்தது, ஜேஇபிஐ 10% கூடத் தரவில்லை. ஆனால் 2022-ல் எஸ்&பி சுமார் 18% இழந்தபோது, இது வருமானத்தையும் சேர்த்துப் பார்த்தால் 4% கூட இழக்கவில்லை. மாதச் செலவுக்கு இதிலிருந்து எடுப்பவருக்கு அந்த 2022 தான் முக்கியம்.

ஆகவே எந்த ஃபண்டையும் இப்படிச் சோதியுங்கள். மூன்று அல்லது ஐந்து வருடத்துக்கு முந்தைய விலையை எழுதுங்கள். இன்றைய விலையை எழுதுங்கள். இடையில் வந்த மொத்தப் பணத்தை எழுதுங்கள். இன்றைய விலை பழைய விலையை விடக் குறைவாக இருந்தால், அந்த வித்தியாசத்தை வந்த பணத்திலிருந்து கழியுங்கள். மிஞ்சுவதுதான் வருமானம். போர்ட்ஃபோலியோ விஷுவலைசர் போன்ற தளங்கள் இதைப் படமாகவே போட்டுத் தரும். எனக்கு எக்செல் தாள்தான் பிடிக்கும். நாமே ஒவ்வொரு மாதமாக உள்ளிடும்போது தேய்மானம் கண்ணில் படுகிறது.

நம் ஊரில் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2021 ஏப்ரலில் மியூச்சுவல் ஃபண்டின் டிவிடெண்ட் ஆப்ஷன் என்ற பெயரையே எடுத்துவிட்டு, ஐடிசிடபிள்யூ என்று மாற்றியது. வருமான விநியோகத்தோடு மூலதனத்தை எடுப்பதும் சேர்ந்தது என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். அமெரிக்க ஃபண்டுகளின் பெயரிலும் அப்படி இருந்திருந்தால் நான் முன்பே விழித்திருப்பேன்.

படி 4: அடித்தளம் முதலில்

மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். நான் போட்டபோது 8.2%. முழுத் தொகைக்குக் காலாண்டுக்கு 61,500 ரூபாய். இதை நிரப்பாமல் கவர்டு கால் பக்கம் போக வேண்டாம். அரிசி, மருந்து, கரண்ட் பில் எல்லாம் இதில் ஓட வேண்டும். ஃபண்டில் இருந்து வருவது அதற்கு மேல்தான்.

படி 5: பணம் அனுப்புவது, படிவம்

ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 2025 ஏப்ரல் முதல், முதலீட்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் அனுப்பினால், மேலே உள்ள தொகைக்கு வங்கி 20% டிசிஎஸ் (முன்கூட்டியே வசூலிக்கும் வரி) பிடிக்கும். கணக்குத் தாக்கல் செய்யும்போது அதை வரியில் கழித்துக்கொள்ளலாம். என் வங்கிக் கிளையில் இந்த விவகாரம் தெரிந்தவர் ஒருவர்தான் இருந்தார், அவர் விடுப்பில் இருந்ததால் இரண்டு முறை அலைந்தேன். முன்னதாகவே போன் செய்துவிட்டுப் போங்கள்.

புரோக்கர் கணக்கில் டபிள்யூ-8பென் (அமெரிக்கர் அல்ல என்று தெரிவிக்கும்) படிவத்தைக் கட்டாயம் நிரப்புங்கள். நிரப்பினால் டிவிடெண்டில் அமெரிக்கா 25% பிடிக்கும், இல்லாவிட்டால் 30%.

பின்சேர்க்கை 1

ஆம்பூரிலிருந்து ஒரு அம்மா கேட்டது: "அங்கே பிடித்த 25 சதவீதத்தை இங்கே கழித்துக்கொள்ளலாம் என்கிறார்களே, எனக்கு ஏன் ஒன்றும் கிடைக்கவில்லை?"

இதை முதலிலேயே எழுதாமல் விட்டது என் தவறு. அதற்கென உள்ள படிவத்தைப் போட்டு அந்த வரியைக் கழிக்கலாம். ஆனால் அந்த வருமானத்துக்கு இங்கே எவ்வளவு வரி வருகிறதோ அதுவரைதான். 2025-26 நிதியாண்டு முதல் புதிய வருமான வரி முறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடி போக வரியே இல்லை. வரியே இல்லையென்றால் எதில் கழிப்பது? அமெரிக்கா பிடித்தது போனது போனதுதான். ஃபண்ட் 8% தந்தால் கைக்கு 6%. அதைவிடத் தபால் நிலையச் சேமிப்புத் திட்டத்தில் நான் போட்டபோது கிடைத்த 8.2% மேல். டாலர் ஏறுவது ஒன்றுதான் அந்த இடைவெளியைக் குறைக்கும். 2014-ல் 60 ரூபாய் சுற்றி இருந்த டாலர் 2024 முடிவில் 85-ஐத் தொட்டது உண்மைதான். வருடாவருடம் அதே வேகம் இருக்கும் என்று வீட்டுச் செலவைத் திட்டமிட முடியாது.

எதிர்வீட்டு ஆசிரியரும் இந்த வரம்புக்குள் வருபவர்தான். இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டியதும் முதலில் சேமிப்புத் திட்டத்துக்குக் கிளம்பிவிட்டார்.

பின்சேர்க்கை 2

வெளிநாட்டு யூனிட் ஒன்றே ஒன்று இருந்தாலும் ஐடிஆர்-1 போடக் கூடாது. ஐடிஆர்-2 எடுத்து, எஃப்ஏ (வெளிநாட்டுச் சொத்து) அட்டவணையில் காட்ட வேண்டும். அந்த அட்டவணைக்கு ஜனவரி முதல் டிசம்பர் வரையிலான கணக்கு. நம் ஏப்ரல்-மார்ச் பழக்கத்தில் எழுதிவிடாதீர்கள்.

பின்சேர்க்கை 3

"நம் ஊர் ஃபண்டிலேயே இது இல்லையா?" என்று பலர் கேட்டார்கள். 2019 ஜனவரியில் செபி கவர்டு காலை அனுமதித்தது. ஆனால் ஒரு திட்டத்தில் உள்ள பங்கு மதிப்பில் 15% வரைதான். அதனால் அமெரிக்க ஃபண்டு போல முழுக்கப் பிரீமியத்தில் ஓடுவது அந்த விதிக்குள் நடக்காது.

பின்சேர்க்கை 4

அமெரிக்கர் அல்லாதவர் இறந்தால், அங்கே உள்ள சொத்து 60,000 டாலரைத் தாண்டினால் அமெரிக்க வாரிசு வரி வரும். இந்தியாவோடு அதற்கு ஒப்பந்தம் இல்லை. அதற்குக் கீழேயே நிறுத்திக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அயர்லாந்தில் பதிவாகி லண்டனில் வர்த்தகமாகும் ஜேஇபிஜி (JEPG) போன்ற ஃபண்டைப் பாருங்கள். என் கணக்கு எண், புரோக்கர் பெயர், எஃப்ஏ அட்டவணை நகல் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, பீரோவில் வீட்டுப் பத்திரத்தோடு வைத்து, எந்த அறையில் என்று மனைவியிடம் காட்டியிருக்கிறேன்.