கத்தோலிக்க நம்பிக்கை பற்றிப் பதில் சொல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அன்பியக் கூட்டங்களிலும் (அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடிச் செபிக்கும் கூட்டங்கள்) ஞாயிறு மறைக்கல்வி வகுப்புகளிலும் புதிதாகப் பொறுப்பேற்கும் இளைஞர்களைக் கவனித்து வருகிறேன். ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆனால் எங்கள் தலைமுறை சறுக்கிய அதே இடங்களில்தான் அவர்களும் சறுக்குகிறார்கள். அதிகார எண்ணை மாற்றிச் சொல்வது, பழைய ஏற்பாட்டுப் பெயர்களில் நாக்குத் தடுமாறுவது எல்லாம் நாளடைவில் சரியாகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

"எந்த வசனத்தில் இருக்கிறது?" என்றதும் பக்கம் புரட்டுவது

புராட்டஸ்டண்ட் சபைக்குப் போகும் நண்பர் இப்படிக் கேட்டவுடன் நம் ஆள் பதறிப்போய்த் தேட ஆரம்பிக்கிறார். கொஞ்சம் பொறுங்கள். திருச்சபை மறைநூலையும் திருத்தூதர்கள் வழிவந்த மரபையும் ஒன்றாகவே ஏற்கிறது. உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் இது தெளிவாக இருக்கிறது. 2 தெசலோனிக்கர் 2:15-இல், வாய்மொழியாகவும் கடிதம் வழியாகவும் பெற்றுக்கொண்டதைப் பற்றிக்கொள்ளுங்கள் என்கிறார் பவுல். முதலில் இதைச் சொல்லிவிட்டு அப்புறம் வசனத்துக்கு வாருங்கள்.

ஒரு வசனத்தைக் கிள்ளி எடுத்து வாக்குறுதியாகக் கொடுப்பது

இதை நினைத்தால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. எரேமியா 29:11. உங்களுக்கென நான் வகுத்திருப்பவை கேட்டுக்கான திட்டங்கள் அல்ல, நல்வாழ்வுக்கான திட்டங்கள் என்று ஆண்டவர் சொல்லும் வசனம். காலண்டரில், வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில், புதுமனை அழைப்பிதழில் என்று எங்கும் பார்க்கலாம்.

எங்கள் பங்கில் (கோவில் வட்டாரத்தில்) ஒரு அம்மாவின் மகன் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தான். பார்க்கப் போன சிலர் இந்த வசனத்தை வாசித்து, "ஆண்டவர் வாக்குக் கொடுத்துவிட்டார், பிள்ளை எழுந்துவிடுவான், நீங்கள் விசுவாசத்தோடு மட்டும் இருங்கள் அம்மா" என்று உறுதி கூறிவிட்டு வந்தார்கள். பையன் இறந்துபோனான். அந்த அம்மா நெடுநாள் கோவில் பக்கமே வரவில்லை. வீட்டுக்குப் போனபோது என்னிடம் கேட்டார்: "என் விசுவாசம் போதலையா? இல்ல, கடவுள் சொன்ன சொல்ல மீறிட்டாரா?" பிள்ளையைப் பறிகொடுத்தவர் இந்தக் கேள்வியையும் சேர்த்துச் சுமக்க வேண்டியதாயிற்று. போனவர்கள் அந்த அதிகாரத்தை முழுதாக ஒருமுறை படித்திருந்தால் இது நடந்திருக்காது.

அது ஒரு கடிதம். கி.மு. 597-இல் பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எருசலேமிலிருந்து எரேமியா எழுதி அனுப்பியது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், நீங்கள் இருக்கும் நகரின் நலனுக்காக மன்றாடுங்கள் என்கிறார். சீக்கிரம் ஊர் திரும்ப முடியாது என்று அர்த்தம். முந்தைய வசனமே எழுபது ஆண்டு என்று சொல்கிறது. கடிதத்தைக் கேட்ட பெரியவர்களில் மிகப் பலர் பாபிலோனிலேயே கண்மூடியிருப்பார்கள். அந்த நல்வாழ்வு மக்களினம் முழுவதற்கும் சொல்லப்பட்டது; அது கைக்கு வருவது பேரப்பிள்ளைகள் காலத்தில்.

28-ஆம் அதிகாரத்தையும் சேர்த்துப் படியுங்கள். அங்கே அனனியா என்பவர், இரண்டே ஆண்டுகளில் எல்லாரும் திரும்பிவிடுவார்கள் என்று ஆண்டவர் பெயரால் அறிவித்து, பாபிலோனுக்கு அடங்கியிருக்க வேண்டும் என்பதன் அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த நுகத்தைப் பிடுங்கி உடைக்கிறார். மக்கள் கேட்க விரும்பியதும் அதைத்தான். ஆண்டவர் உன்னை அனுப்பவில்லை, இம்மக்களைப் பொய்யை நம்பச் செய்தாய் என்கிறார் எரேமியா. மருத்துவமனையில் 29:11-ஐ வாசித்து உடனடிச் சுகத்துக்கு உறுதி தருகிறவர், எரேமியாவின் சொற்களைக் கொண்டு அனனியாவின் வேலையைச் செய்கிறார்.

சரி, நோயாளியைப் பார்க்கப் போனால் என்ன செய்வது? சுகத்துக்காக மன்றாடுங்கள், நோயில்பூசுதலுக்கு (நோயாளிக்கு எண்ணெய் பூசி மன்றாடும் அருட்சாதனத்துக்கு) குருவானவரை அழையுங்கள். முடிவை முன்கூட்டி அறிவிக்காதீர்கள். துக்க வீட்டில் திருப்பாடல் 88 வாசிக்கலாம். கடைசி வரி வரை இருளாகவே இருக்கும் பாடல் அது. அந்த அம்மாவுடன் அதைத்தான் வாசித்தேன். "இப்படிக்கூட பைபிள்ல இருக்கா?" என்றார். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

யார், யாருக்கு, எந்தச் சூழலில், எந்த இலக்கிய வகையில் எழுதினார் என்று பார்க்கும்படி நான் மேலே சொன்ன வத்திக்கான் ஏடும் 12-ஆம் எண்ணில் கேட்கிறது. வகுப்புக்குப் போகுமுன் அந்த ஒரு எண்ணையாவது படித்துவிடுங்கள்.

கண்ணை மூடி விவிலியத்தைத் திறந்து விரல் வைப்பது

வேண்டவே வேண்டாம்.

அமல உற்பவத்தைக் குழப்பிக்கொள்வது

மரியா தம் தாயின் வயிற்றில் பிறப்புநிலைப் பாவக் கறையின்றிக் கருவானதைப் பற்றியது அது. இயேசு கருவானதோடு போட்டுக் குழப்புகிறவர்கள் நிறைய. அமல உற்பவ விழா டிசம்பர் 8. வேளாங்கண்ணியில் நாம் கொண்டாடும் மாதா பிறந்தநாள் செப்டம்பர் 8. இடையில் ஒன்பது மாதம்.

திருத்தந்தை சொல்வதெல்லாம் தவறாது என்று பெருமையடிப்பது

திருச்சபை அப்படிச் சொல்லவே இல்லை. 1870-இல் முதல் வத்திக்கான் சங்கம் கடுமையான வரம்பு போட்டது: அனைத்துலகத் திருச்சபையின் மேய்ப்பர் என்ற முறையில், நம்பிக்கை அல்லது ஒழுக்கம் பற்றிய ஒரு போதனையை எல்லாரும் ஏற்க வேண்டியதாக வரையறுக்கும்போது மட்டும்தான் வழுவாவரம், அதாவது தவறாத வரம். அப்படி நடந்ததற்கு எல்லாரும் காட்டும் எடுத்துக்காட்டு, 1950-இல் பன்னிரண்டாம் பயஸ் மரியாவின் விண்ணேற்பை வரையறுத்தது. விமானத்தில் நிருபர்களுக்குத் திருத்தந்தை தரும் பேட்டி இந்த வகையில் சேராது.

உத்தரிக்கிற நிலைக்கு மக்கபேயரை மட்டும் நீட்டுவது

உத்தரிக்கிற நிலை என்பது இறந்தோர் விண்ணகம் சேருமுன் பெறும் தூய்மைப்படுத்தல். 2 மக்கபேயர் 12-இல் இறந்த வீரர்களின் பாவம் நீங்கப் படைத்தலைவர் யூதா மக்கபே காணிக்கை அனுப்புகிறார். நமக்கு அருமையான பகுதி. ஆனால் புராட்டஸ்டண்ட் நண்பரின் விவிலியத்தில் 66 நூல்கள்தான். மக்கபேயர் அதில் இல்லை. பேச்சு உடனே, அவர் "நீங்கள் சேர்த்தீர்கள்" என்றும் நாம் "நீங்கள் கிழித்தீர்கள்" என்றும் திரும்பிவிடும். இரண்டுமே சரியில்லை. 1546-இல் திரெந்து பொதுச்சங்கம் வரையறுத்த 73 நூல்களின் பட்டியல், 1442-இல் புளோரன்ஸ் சங்கம் தந்திருந்ததுதான். புராட்டஸ்டண்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தரும் 1534-இல் வெளியிட்ட ஜெர்மன் விவிலியத்தில் மக்கபேயர் போன்ற அந்த நூல்களைத் தனிப் பகுதியாக வைத்திருந்தார், படிக்க நல்லவை என்ற குறிப்போடு.

எனவே முதலில் நூல் பட்டியலைப் பற்றிப் பேசி முடியுங்கள். அதன் பிறகு, இறந்தவர்களுக்காகத் திருப்பலியில் நாம் ஏன் மன்றாடுகிறோம் என்பதிலிருந்து தொடங்குங்கள். உத்தரிக்கிற நிலையில் எத்தனை ஆண்டு, அங்கே நெருப்பு எப்படி இருக்கும் என்றெல்லாம் வகுப்பில் விவரிக்காதீர்கள். இறந்தோருக்கு இறுதித் தூய்மைப்படுத்தல் ஒன்று உண்டு, நம் மன்றாட்டு அவர்களுக்கு உதவும் என்பதுதான் திருச்சபையின் போதனை.