மிரட்டுபவனுக்கு நாமே உதவுகிறோமா?

இணையத்தில் பதின்பருவத்தினரை வளைக்கப் பார்ப்பவர்கள் எடுத்த எடுப்பில் அந்தரங்கப் படம் கேட்பது குறைவு. "இன்று ஏன் ஒரு மாதிரி இருக்கிறாய்?" என்றுதான் தொடங்குவார்கள். பிறகு பாராட்டு, விளையாட்டுச் செயலியில் ஒரு பரிசு, நள்ளிரவு வரை நீளும் அரட்டை. "இங்கே வேண்டாம், வேறு செயலிக்கு வா" என்பது அடுத்த படி. "உன் வீட்டில் யாருக்கும் இது புரியாது, நமக்குள் இருக்கட்டும்" என்பது அதற்கும் அடுத்தது. படம் கேட்பதெல்லாம் இதற்குப் பிறகுதான். பெற்றோர் பலர் அந்தக் கடைசிக் கட்டம் வரும்வரை "அப்படி ஒன்றும் நடக்கவில்லையே" என்று இருந்துவிடுகிறார்கள்.

எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பரிசு, இரண்டாவது கணக்கு, யாராவது அறைக்குள் வந்தால் சட்டென்று திரும்பும் திரை, கெட்டுப்போன தூக்கம்: இவற்றில் பாதி அந்த வயதுக்கே உரியவை. அதனால் ஒன்றைப் பிடித்துக்கொண்டு விசாரணைக் கமிஷன் வைக்க வேண்டாம். "புதிதாக யாருடன் விளையாடுகிறாய்?" என்று சாதாரணமாகக் கேட்கும் பழக்கம் முன்பே இருந்தால் போதும்.

பெண் பிள்ளைகளுக்குத்தான் ஆபத்து என்பது இன்னொரு தப்புக் கணக்கு. பணம் பறிக்கும் நோக்கத்தில் நடக்கும் மிரட்டல்களில் பெரும்பாலும் சிக்குபவர்கள் 14 முதல் 17 வயதுப் பையன்கள். பெண் பெயரில் ஒரு போலிக் கணக்கு நட்பாகப் பேசி ஒரு படத்தை வாங்கிவிடும். சில மணி நேரத்துக்குள், சில சமயம் சில நிமிடங்களிலேயே, "உன் நண்பர்கள் பட்டியல் என்னிடம் இருக்கிறது, பணம் அனுப்பு" என்று வரும். பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகைதான் ஏறும். அந்த நெருக்கடியில் உயிரை மாய்த்துக்கொண்ட சிறுவர்களும் உண்டு. ஆகவே விஷயம் தெரியவந்த இரவில் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். எதிர்முனையில் இருப்பவர் முன்பின் தெரியாதவராகத்தான் இருப்பார் என்பதும் இல்லை. பயிற்சியாளராகவோ உறவினராகவோ இருக்கலாம்.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, சொன்ன பிள்ளையின் கையிலிருந்து போனைப் பிடுங்குவது. மிரட்டுபவனின் ஒரே பலம், "வீட்டில் தெரிந்தால் உன்னைத்தான் திட்டுவார்கள்" என்ற வாக்கியம். ஒரு பெண் தயங்கித் தயங்கி, "அம்மா, ஒருவன் என்னை மிரட்டுகிறான்" என்கிறாள். "ஏன் அனுப்பினாய்? உனக்கு அறிவில்லையா?" என்று அம்மா கேட்ட அந்த நொடியில், அவன் சொன்னது உண்மையாகிவிடுகிறது. மீதிக் கதையை அவள் சொல்லப் போவதில்லை. பாதியைச் சொல்லிவிட்டு, "வேறொன்றும் இல்லை" என்று முடித்துவிடுவாள். மாறாக, "என்னிடம் சொன்னது நல்லதாயிற்று. தப்பு அவனுடையது. போன் உன்னிடமே இருக்கட்டும், சேர்ந்து பார்ப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். இதைப் பிரச்சினை வருவதற்கு முன்பே ஒருமுறை சொல்லி வைத்திருந்தால் இன்னும் நல்லது.

ஆத்திரத்தில் அரட்டையை அழித்துவிடுவதும், பிள்ளையின் பெயரில் அவனுக்கு எழுதிச் சண்டை போடுவதும் அவனைத் தப்பிக்க வைக்கும் வழிகள். மிரட்டல் செய்திகள், கணக்கின் பெயர், பக்கத்தின் இணைப்பு, பணம் கேட்ட கணக்கு எண், தேதி ஆகியவற்றை முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு தளத்திலும் காவல்துறையிலும் புகார். பிளாக் செய்வது அதன் பின். ஒன்றே ஒன்று: பிள்ளையின் ஆபாசப் படத்தை "ஆதாரத்துக்காக" என்று நகலெடுக்கவோ யாருக்கும் அனுப்பவோ கூடாது. பல நாடுகளில் அதுவே குற்றம். போனை அப்படியே காவல்துறையிடம் காட்டினால் போதும்.

"படம் போனது போனதுதான்" என்று கைவிடவும் வேண்டாம். காணாமல்போன, சுரண்டலுக்குள்ளான குழந்தைகளுக்கான அமெரிக்க தேசிய மையம் 2023 முதல் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையை நடத்துகிறது. 18 வயதுக்கு முன் எடுக்கப்பட்ட படத்துக்கு அது கைரேகை போன்ற ஓர் எண் அடையாளத்தை உருவாக்கும். படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அந்த அடையாளம் மட்டும் பங்கேற்கும் தளங்களுக்குச் செல்லும், அவை அதை வைத்துத் தேடி நீக்கும். மறையாக்கம் செய்யப்பட்ட, அதாவது அனுப்புபவரும் பெறுபவரும் மட்டுமே படிக்க முடிகிற, தனி அரட்டைகளில் இது வேலை செய்யாது.

புகார் கொடுத்ததோடு முடிந்தது என்று நினைப்பவர்களைத் திகைக்க வைப்பது பிள்ளையின் துக்கம். "அவர் என்னிடம் நன்றாகத்தான் இருந்தார்" என்று அழலாம். திருட்டுத்தனமாக மீண்டும் தொடர்புகொள்ளவும் பார்க்கலாம். அதற்காகக் கோபப்படாதீர்கள். மாதக்கணக்கில் தினமும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு குரல் திடீரென்று நின்றிருக்கிறது. அந்தத் தனிமைதான் அவனை உள்ளே விட்டதும்கூட. மனநல ஆலோசகரை இந்த நேரத்திலேயே பார்த்துவிடுங்கள். பள்ளியில் யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதைப் பிள்ளையைக் கேட்காமல் தீர்மானிக்காதீர்கள். உறவினர்கள் கூடி ஆலோசிக்கும் விஷயமாக அது ஆகவே கூடாது.