பழைய கணினியிலிருந்து புதிய கணினிக்கு: ஒரு கோப்பும் விடுபடாமல் மாற்றுவது எப்படி?

9 வருடம் ஓடிய மடிக்கணினியை ஓரம் வைத்துவிட்டுப் போன மாதம் புதியதற்கு மாறினேன். கோப்புகளை மாற்ற ஒரு சாயங்காலம் போதும் என்று உட்கார்ந்த வேலை மூன்று நாள் இழுத்தது. காப்பி, பேஸ்ட் எப்படிச் செய்வது என்பது உங்களுக்குத் தெரியும், அதை விளக்கப் போவதில்லை. எனக்கு எங்கே வேலை நின்றதோ அந்த இடத்தைத்தான் விரிவாக எழுதுகிறேன். இரண்டு கணினியிலும் விண்டோஸ் 10 அல்லது 11 இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்.

எதையெல்லாம் கொண்டுபோவது

மென்பொருள்களைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ப்ரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டரை அப்படியே காப்பி செய்தாலும் பெரும்பாலானவை ஓடாது, புதிதாகத்தான் நிறுவ வேண்டும். அதனால் பழைய கணினியில் என்னென்ன இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். லைசென்ஸ் எண் இருந்தால் அதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள்.

உங்கள் கோப்புகள் சி டிரைவில், யூசர்ஸ் ஃபோல்டருக்குள் உங்கள் பெயரில் இருக்கும்: டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ், பிக்சர்ஸ், மியூசிக், வீடியோஸ். டி டிரைவ் இருந்தால் அதையும் ஒருமுறை திறந்து பாருங்கள். வேண்டாததை இப்போதே கழித்துவிடலாம் என்று மட்டும் ஆரம்பிக்காதீர்கள். ஒரு பழைய புகைப்படத்தைத் திறந்தால் அடுத்த இரண்டு மணி நேரம் அதிலேயே போய்விடும். மொத்தமாகக் கொண்டுபோய்விட்டு, புதிய கணினியில் சாவகாசமாகக் கழியுங்கள்.

எதில் கொண்டுபோவது

என் தேர்வு வெளியே செருகும் எஸ்எஸ்டி, அதாவது கோப்புகளைச் சேமிக்கும் வேகமான சிறு டிரைவ். பென் டிரைவ் நாலு கோப்புக்குச் சரி. நூறு ஜிபி என்று வந்துவிட்டால் பல பென் டிரைவ்கள் ஆரம்பத்தில் வேகமாக ஓடி, போகப் போகத் தவழ ஆரம்பித்துவிடும். வைஃபை வழியாக அனுப்புவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். நடுவில் இணைப்பு அறுந்தால் எது போனது, எது போகவில்லை என்று தேடுவதே தனி வேலை. கணினி மாற்றுவதற்கென்றே விற்கும் கட்டண மென்பொருள்களும் இந்த வேலைக்குத் தேவையில்லை.

எந்தத் துளையில் செருகுகிறீர்கள் என்பதைக் கவனியுங்கள். யூஎஸ்பி 2.0 துளையின் உச்ச வேகம் நொடிக்கு 480 மெகாபிட். நடைமுறையில் நொடிக்கு 30 முதல் 40 மெகாபைட் கிடைக்கும். 200 ஜிபி போக ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் ஆகும். யூஎஸ்பி 3.0 துளைக்கு 5 கிகாபிட் வரை உண்டு. பல கணினிகளில் அதன் உட்புறம் நீல நிறத்தில் இருக்கும்.

அப்புறம் ஃபார்மட், அதாவது டிரைவ் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறை. டிரைவில் 300 ஜிபி காலியாக இருக்கும், ஆனால் 5 ஜிபி வீடியோ ஒன்றை வைத்தால் 'கோப்பு மிகப் பெரியது' என்று மறுக்கும். டிரைவ் ஃபேட்32 முறையில் இருப்பதுதான் காரணம். அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்துகொண்டால் இந்தத் தொல்லை இல்லை. ஃபார்மட் செய்தால் டிரைவில் ஏற்கெனவே இருப்பது எல்லாம் அழிந்துவிடும், அதை முதலில் எடுத்து வையுங்கள்.

நான் மாட்டிக்கொண்ட இடம்: மேகப் படம் போட்ட கோப்புகள்

வேகமாகப் போகட்டும் என்று வைஃபையை அணைத்துவிட்டு பிக்சர்ஸ் ஃபோல்டரைக் காப்பி போட்டேன். பாதியில் ஒரு பிழைச் செய்தி வந்தது. ஏதோ ஒரு படம் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, 'எல்லாவற்றுக்கும் இதையே செய்' என்ற கட்டத்தில் டிக் அடித்து ஸ்கிப் அழுத்தினேன். மீதி வேலை மளமளவென்று முடிந்தது. மறுநாள் புதிய கணினியில் பார்த்தால், 2019-க்கு முந்தைய படங்களில் ஒன்றுகூட இல்லை.

நடந்தது இதுதான். கோப்புகளை இணையத்தில் வைத்திருக்கும் கிளவுட் சேமிப்பை இயக்கி வைத்திருந்தால், இடத்தை மிச்சப்படுத்த பல கோப்புகள் இணையத்தில் மட்டுமே இருக்கும். கணினியில் தெரிவது பெயரும் சின்னப் படமும்தான். கோப்பைத் திறக்கும்போதோ காப்பி செய்யும்போதோதான் உள்ளே இருப்பது இறங்கும். நான் வைஃபையை அணைத்திருந்ததால் எதுவும் இறங்கவில்லை. நான் ஸ்கிப் கொடுத்தது ஒரு படத்துக்கு அல்ல, 600-க்கும் மேற்பட்ட படங்களுக்கு.

இதை முன்கூட்டியே கண்டுபிடிக்கலாம். ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பாருங்கள். அதில் 'சைஸ்', 'சைஸ் ஆன் டிஸ்க்' என்று இரண்டு வரி இருக்கும். என் ஃபோல்டரில் சைஸ் 61 ஜிபி, சைஸ் ஆன் டிஸ்க் 9 ஜிபி. இரண்டும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். இப்படிப் பெரிய இடைவெளி இருந்தால் கோப்புகள் உங்களிடம் இல்லை என்று அர்த்தம். பெயருக்குப் பக்கத்தில் மேகப் படம் இருப்பதும் அதே அடையாளம்.

உங்களுடையது மைக்ரோசாஃப்டின் கிளவுட் சேமிப்பான ஒன்டிரைவ் என்றால் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுங்கள். எல்லாம் இறங்கி, மேகம் மறைந்து பச்சை வட்டத்துக்குள் வெள்ளை டிக் வரும்வரை பொறுங்கள். இரவில் போட்டுவிட்டுத் தூங்கப் போகலாம், கணினி ஸ்லீப் ஆகாதபடி பவர் செட்டிங்ஸை மாற்றிவிட்டுப் போங்கள். பழைய கணினியில் இறக்குவதற்கு இடமே இல்லையா? அந்த ஃபோல்டரைக் காப்பி செய்யவே வேண்டாம். புதிய கணினியில் அதே கணக்கில் நுழைந்தால் அங்கேயே வந்துவிடும்.

காப்பி

கன்ட்ரோல் சி மட்டும். கன்ட்ரோல் எக்ஸ் பக்கம் போகவே வேண்டாம். கட் செய்து நகர்த்தும்போது நடுவில் கேபிள் அசைந்தால் பாதி அங்கே, பாதி இங்கே என்று ஆகிவிடும். பழையது பழையபடியே இருக்கட்டும்.

புதிய கணினியில் நேராக டாக்குமெண்ட்ஸுக்குள் கொட்டாமல், டிரைவின் மேல்மட்டத்தில் 'பழசு' என்று ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் வையுங்கள். பெயர் சின்னதாக இருப்பது முக்கியம். விண்டோஸில் ஒரு கோப்பின் முழு முகவரி, அதாவது எல்லா ஃபோல்டர் பெயரும் சேர்ந்து, வழக்கமாக 260 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராக ஆழமாகப் போனால் பெயர் நீளம் என்று காப்பி நின்றுவிடும்.

கண்ணுக்குத் தெரியாதவை

பிரவுசர் புக்மார்க்குகள், சேமித்த கடவுச்சொற்கள், தண்டர்பேர்டு மாதிரி அஞ்சல் மென்பொருளில் இருக்கும் கடிதங்கள் எல்லாம் ஆப்டேட்டா என்ற மறைந்த ஃபோல்டரில் இருக்கும். அந்த ஃபோல்டரை முழுதாகக் கொண்டுபோகாதீர்கள், குப்பை அதிகம். புக்மார்க்குகளை பிரவுசரிலேயே எக்ஸ்போர்ட் செய்யலாம். கடவுச்சொற்களையும் அப்படி எடுக்கலாம், ஆனால் அந்தக் கோப்பை யார் திறந்தாலும் அப்படியே படிக்க முடியும். புதிய கணினியில் ஏற்றிய கையோடு அதை எஸ்எஸ்டியிலிருந்தும் சேர்த்து அழித்துவிடுங்கள்.

எண்ணிப் பாருங்கள்

தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். பழைய ஃபோல்டருக்கும் புதிய ஃபோல்டருக்கும் ப்ராப்பர்ட்டீஸ் திறந்து, கோப்புகளின் எண்ணிக்கையையும் பைட் கணக்கையும் ஒப்பிடுங்கள். ஒன்றிரண்டு குறைந்தால் பயம் வேண்டாம். டெஸ்க்டாப்.ஐஎன்ஐ மாதிரி விண்டோஸ் தானே வைத்துக்கொள்ளும் மறைந்த கோப்புகளாக இருக்கலாம். பத்து இருபது குறைந்தால் தேட வேண்டும்.

அந்தத் தேடலுக்கு நான் நம்புவது ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள். முதலில் எஸ்எஸ்டியைப் பழைய கணினியில் செருகி, இடப்பக்கம் பழைய ஃபோல்டர், வலப்பக்கம் எஸ்எஸ்டியில் உள்ள நகல் என்று கொடுத்து கம்பேர் அழுத்தினால், விடுபட்டவை வரிசையாக வந்து நிற்கும். பிறகு புதிய கணினியில் எஸ்எஸ்டியையும் 'பழசு' ஃபோல்டரையும் அதேபோல் ஒப்பிடுங்கள். விடுபட்டதை அந்த மென்பொருளிலேயே காப்பி செய்வதென்றால் 'அப்டேட்' முறையைத் தேர்ந்தெடுங்கள். 'மிரர்' முறை இடப்பக்கத்தில் இல்லாதவற்றை வலப்பக்கத்திலிருந்து நீக்கிவிடும், புதிதாகப் பழகுபவர்களுக்கு அது ஆபத்து.

பழைய கணினியை ஒரு மாதமாவது அப்படியே வைத்திருங்கள். அதில் கோப்புகளை அழிக்கும் முன் கிளவுட் கணக்கிலிருந்து கட்டாயம் வெளியேறிவிடுங்கள். கணக்கு இணைந்திருக்கும்போது அழித்தால் கிளவுடிலும் அழியும், அங்கிருந்து புதிய கணினியிலும் அழியும்.

பிற்சேர்க்கை 1: பழைய கணினி இயங்கவே இல்லை, என்ன செய்வது என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். ஹார்டு டிஸ்க் நல்ல நிலையில் இருந்தால் அதைக் கழற்றி, சாட்டா-யூஎஸ்பி கேபிள் வழியாகப் புதிய கணினியில் செருகலாம். உங்கள் ஃபோல்டரைத் திறக்கும்போது அனுமதி இல்லை என்று சொல்லும், கன்டினியூ கொடுங்கள். டிஸ்க் பிட்லாக்கரில் பூட்டியிருந்தால் 48 இலக்க மீட்பு எண் கேட்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பயன்படுத்தியிருந்தால் பெரும்பாலும் அந்தக் கணக்கிலேயே அது சேமிக்கப்பட்டிருக்கும்.

பிற்சேர்க்கை 2: 'என் பழைய கட்டுரைகள் எல்லாம் ஆங்கில எழுத்துகளாகத் தெரிகின்றன' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். கோப்பு கெடவில்லை, எழுத்துருதான் வரவில்லை. இன்று எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்து முறையான யூனிகோடுக்கு முந்தைய பாமினி போன்ற எழுத்துருவில் தட்டியது அது. பாமினியில் புள்ளி இருக்கும் இடத்தில் அரைப்புள்ளி இருக்கும். எழுத்துரு இல்லாத கணினியில் 'அம்மா' என்ற சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் தெரியும். பழைய கணினியில் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்பதைத் திறந்து, அந்த எழுத்துருவைக் காப்பி செய்து, புதியதில் ரைட் கிளிக் செய்து இன்ஸ்டால் கொடுங்கள். அங்கே அகப்படவில்லையென்றால் ஆப்டேட்டாவில் லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று உள்ளே போய்ப் பாருங்கள். ஒரு பயனருக்கு மட்டும் நிறுவிய எழுத்துருக்கள் அங்கேதான் இருக்கும்.