1920இல் சென்னைக்கு மேயர் கிடையாது: உள்ளாட்சிப் பதவிகளை எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊர் வரலாறு, கும்பாபிஷேக மலர், பள்ளி நூற்றாண்டு மலர் என்று எதைப் புரட்டினாலும் ஒரே தவறு கண்ணில் படுகிறது. அந்தக் காலத்து ஆளுக்கு இந்தக் காலத்துப் பதவியைச் சூட்டிவிடுகிறோம். பதவிப் பெயரை மாற்றினால், அவரை யார் அமர்த்தினார்கள், அவர் கையில் என்ன அதிகாரம் இருந்தது என்பதும் சேர்ந்தே மாறிவிடும். பெயர்தானே என்று விட எனக்கு மனம் வராதது இதனால்தான்.

அடிக்கடி இதற்கு ஆளாகிறவர் பிட்டி தியாகராயர். அவரைச் 'சென்னையின் முதல் மேயர்' என்று எழுதுகிறார்கள். 1919ஆம் ஆண்டுச் சட்டப்படி மாநகராட்சியின் தலைமைப் பதவிக்குப் பெயர் பிரசிடெண்ட், அதாவது தலைவர். அவர் 1920இல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மதிய உணவு போட்டதும் அந்தப் பதவியில் இருந்துதான். மேயர் பட்டம் 1933இல் வந்தது. அதை முதலில் ஏற்றவர் ராஜா சர் முத்தையா செட்டியார். ஆனால் அவரையும் 'முதல் மேயர்' என்று மொட்டையாக எழுத முடியாது. 1688இல் மாநகராட்சி தொடங்கியபோதே நத்தேனியல் ஹிக்கின்சன் மேயர். அவர் கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டயத்தால் அமர்த்தப்பட்டவர், மக்களுக்கு அதில் பங்கில்லை. 'முதல்' என்று எழுதினால் எந்த வரிசையில் முதல் என்பதையும் எழுதுங்கள். 1996இல் மு.க. ஸ்டாலின் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த முதல் மேயர் ஆனார். கவுன்சிலர்கள் தேர்ந்தெடுத்த மேயர்கள் அதற்கு முன்பே இருந்ததால், 'நேரடியாக' என்ற சொல்லை விட்டால் அந்த வாக்கியமே பொய்யாகிவிடும்.

இதே சென்னையில் இன்னொரு பள்ளம் உண்டு. 1973 இறுதியில் மாநகராட்சி மன்றம் கலைக்கப்பட்ட பிறகு 1996 வரை தேர்தலே நடக்கவில்லை. நிர்வாகம் அரசு அமர்த்திய தனி அலுவலர்கள் கையில் இருந்தது. எனவே '1985இல் அன்றைய மேயர் திறந்து வைத்தார்' என்ற வரி யார் எழுதினாலும் தவறுதான். கல்வெட்டைப் போய்ப் பாருங்கள், மேயர் என்று ஒருவர் பெயர் இருக்காது.

ராஜாஜி சேலத்திலும் பெரியார் ஈரோட்டிலும் வகித்தது நகரசபைத் தலைவர் பதவி. ஊர்வழக்கில் சேர்மன். சேலம் மாநகராட்சி ஆனதே 1994இல்தான். ராஜாஜியை 'சேலம் மேயர்' என்று எப்படி எழுதுவது? இந்த இடத்தில் பேச்சுவழக்கைப் பாராட்ட வேண்டும். நகராட்சி என்றால் சேர்மன், கிராமம் என்றால் பிரசிடெண்ட் என்று பெரியவர்கள் பிரித்துச் சொல்வதில் பிசகே இருக்காது. 1920ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் சேர்மன் என்றது. 1994ஆம் ஆண்டு ஊராட்சிகள் சட்டத்திலும் கிராம ஊராட்சிக்குப் பிரசிடெண்ட், ஊராட்சி ஒன்றியத்துக்குச் சேர்மன். டீக்கடைப் பேச்சில் இருக்கும் துல்லியம் அச்சில் இல்லை.

கிராம முன்சீப்பை 'ஊராட்சித் தலைவர்' என்று எழுதுவது அடுத்த தவறு. 1816ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டம் அவருக்குச் சிறு வழக்குகளைத் தீர்க்கும் அதிகாரம் தந்தது. வரி வசூலும் அவர் பொறுப்பு. அவரை ஊரார் யாரும் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கவில்லை. பெரும்பாலும் தகப்பனுக்குப் பின் மகன் என்று வந்த பதவி. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு முன்சீப், கர்ணம் (ஊர்க் கணக்கர்) பதவிகளை ஒழித்தது. அவற்றின் வேலை கிராம நிர்வாக அலுவலருக்குப் போனது. ஊராட்சித் தலைவருக்குப் போகவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டை இழுத்து வந்து 'சோழர் காலப் பஞ்சாயத்துத் தலைவர் தேர்தல்' என்பவர்களும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு, 30 குடும்புகளிலிருந்து (ஊர்ப் பிரிவுகள்) குடவோலை எடுத்து, அதாவது பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டுக் குலுக்கி எடுத்து, வாரியங்கள் என்ற குழுக்களுக்கு ஆள் சேர்த்ததைச் சொல்கிறது: சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12, ஏரி வாரியத்துக்கு 6. தலைவர் ஒருவரைத் தேர்ந்தெடுத்ததாக அதில் இல்லை. அது பிராமணர் சபை என்பதையும் மறைக்கக் கூடாது.

ஆணையர் அரசு அதிகாரி, மேயர் மக்கள் பிரதிநிதி. இந்த இருவரைக் குழப்புவது குறைந்திருக்கிறது.

எனக்கு மிகவும் வலிப்பது இன்றைய தவறு. உள்ளாட்சியில் பாதி இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்க 2016இல் சட்டம் வந்தது. ஆனாலும் பல ஊர்களில் பெண் தலைவரின் கணவரைத்தான் 'பிரசிடெண்ட்' என்று கூப்பிடுகிறார்கள். விழா அழைப்பிதழிலும் அவர் பெயரே முந்துகிறது. 'தலைவர்' என்ற சொல் இருபாலுக்கும் பொது. 'தலைவரின் கணவர்' என்று சட்டத்தில் ஒரு பதவி இல்லை. நாளை வரலாறு எழுதுகிறவர் இந்த அழைப்பிதழைத்தான் சான்றாக எடுப்பார். மலரில் பெயர் போடுமுன் ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். தலைவர் என்று கையெழுத்திட்டிருப்பவர் எவரோ அவர் பெயரைப் போடுங்கள்.