கட்டடம் விழுந்த பிறகு ஓடிப் பயனில்லை

ஊரில் வரலாற்றுக் குழு தொடங்குபவர்கள் பலரும் செய்யும் பெரிய தவறு, கட்டடம் சரிந்த பிறகு கேமராவோடு ஓடுவதுதான். புதுச்சேரி கடற்கரையில் 1870களின் தொடக்கத்தில் எழுந்த மேரி கட்டடம், அதாவது பிரெஞ்சுக்காரர் காலத்து நகர மன்றம், 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. அதே தோற்றத்தில் புதிதாகக் கட்டி 2021இல் திறந்தார்கள், நல்ல விஷயம்தான், ஆனால் போன சுவர் போனதுதான். அதனால் கோடையிலேயே டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். தூண், கதவு, உத்தரம், தளம் எல்லாவற்றையும் அளந்து படம் எடுத்து வையுங்கள்.

ஊரை இரண்டாகப் பிரிக்கும் வாய்க்காலுக்குக் கிழக்கே, பிரெஞ்சுப் பகுதியின் மஞ்சள் சுவர்களை மட்டும் சுற்றிக்கொண்டிருப்பது அடுத்த தவறு. மேற்கே தமிழர் தெருக்களில் வீட்டுக்கு முன்னால் தாழ்வாரம் இறக்கியிருப்பார்கள், வெயிலில் போகிற யாரோ ஒருவர் ஒதுங்குவதற்காக. அதைக் கம்பி போட்டு அடைத்துவிட்டால், வீடு நின்றாலும் தெரு போய்விடும். வைசியாள் தெருவில், பாரம்பரியக் கட்டடங்களைக் காக்கும் இன்டாக் அமைப்பு முன்னின்று பல வீடுகளின் முகப்பை மீட்டது. அதைப் போய்ப் பாருங்கள், ஒரு வீடு மட்டுமில்லாமல் தெருவே மீண்டது எப்படி என்று புரியும்.

சிமென்ட் விஷயத்தில்தான் எனக்கு மனசு ஆறவே ஆறாது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். கடல் காற்றில் உப்பு வேறு வருகிறது. அதன் மேல் சிமென்ட் பூசினால் ஈரமும் உப்பும் உள்ளேயே தங்கிச் செங்கல்லைப் பொடிப்பொடியாக உதிர்த்துவிடும், வெளியே பூச்சு பளபளவென்று இருப்பதால் சில வருஷம் யாருக்கும் தெரியாது. சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் இன்னும் இருக்கிறார்கள், தேடிப் பிடியுங்கள், முதலில் ஒரு மூலையில் பூசிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், "முந்நூறு வருஷ வீடு" என்று சொன்னதை அப்படியே எழுதாதீர்கள். 1761இல் ஆங்கிலேயர் இந்த ஊரைத் தரைமட்டமாக்கினார்கள், இன்று நிற்பதில் பெரும்பகுதி அதற்குப் பிறகு எழுந்தது. பத்திரத்தைப் பார்த்துவிட்டு வயதைச் சொல்லுங்கள்.

பத்திரத்தைக் கேட்பதிலும் அவசரம் வேண்டாம். ஆறு பங்காளிகளுக்குள் இழுபறியில் கிடக்கும் வீட்டில் போய் "இடிக்கக் கூடாது" என்று ஆரம்பித்தால் கதவு சாத்தப்படும். திண்ணையில் உட்கார்ந்து அந்த வீட்டுக் கல்யாணங்களைப் பற்றிக் கேளுங்கள், பரணிலிருந்து பத்திரமும் பழைய போட்டோவும் தானே இறங்கும். எதையும் எடுத்துப் போகாமல் அங்கேயே படம் எடுத்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.